மொஹிந்தர் சுரேஷ்: தன்னையே நம்பாத ஒரு மெட்ராஸ் விஞ்ஞானி

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சில இடங்கள் சுருக்கப்பட்டுள்ளன.)

பின்னாடி அப்பப்போ 'டப்'புனு ஒரு சத்தம் கேட்கும், பயப்படாதீங்க. இந்த எபிசோடை ஸ்டூடியோவுல பண்ணல. சிவகாசியில, எங்க சித்தப்பா வீட்டு மொட்டை மாடியில உட்கார்ந்து பேசிக்கிட்டு இருக்கேன். தீபாவளிக்கு இன்னும் மாசக்கணக்கா இருக்கு. ஆனா இந்த ஊர்ல வருஷம் முழுக்க யாராவது எதையாவது கொளுத்தி, சரியா மேல போகுதா, சரியா விரியுதான்னு பார்த்துக்கிட்டேதான் இருப்பாங்க.

வழக்கமா நாம இங்கே ராஜா, போர், செப்பேடுன்னு பேசுவோம். இன்னைக்குக் கதாநாயகன் ஒரு டிவி கதாபாத்திரம். சிரிக்காதீங்க. அமெரிக்க டிவியோட சயின்ஸ் ஃபிக்‌ஷன்ல, ஒரு பெரிய வெற்றித் தொடரோட நடுவுல, சென்னையிலிருந்து வந்த ஒரு விஞ்ஞானி நின்னார். அவர் பேர் மொஹிந்தர் சுரேஷ். தொடர் 'ஹீரோஸ்'.

2006 செப்டம்பர் 25 அன்னைக்கு என்பிசி சேனல்ல முதல் எபிசோட் வந்தது. ஏறக்குறைய 1 கோடியே 40 லட்சம் பேர் பார்த்தாங்க. டிம் க்ரிங் உருவாக்கிய தொடர். உலகத்துல அங்கங்கே சாதாரண மனுஷங்களுக்குத் திடீர்னு சக்திகள் வருது. ஒருத்தர் பறக்கிறார், ஒருத்தர் நேரத்தை நிறுத்துறார், ஒரு பொண்ணுக்கு எந்தக் காயமும் தங்காது. இது ஏன் நடக்குதுன்னு சொல்ல ஒரு ஆள் வேணும் இல்லையா? அவர்தான் மொஹிந்தர். சென்னையில மரபணுவியல் பேராசிரியர். அப்பா சந்திரா சுரேஷும் அதே துறை. சக்தி உள்ளவங்களைப் பத்தி அப்பா ஒரு புத்தகம் எழுதுறார், சக விஞ்ஞானிகள் சிரிக்கிறாங்க, அவர் எல்லாத்தையும் விட்டுட்டு நியூயார்க் போய் டாக்சி ஓட்டிக்கிட்டே ஆராய்ச்சி பண்றார். அங்கேயே கொலை செய்யப்படுறார். மகன் வேலையை விட்டுட்டுக் கிளம்பி, அப்பா இருந்த அறைக்கே போய், அப்பா மாதிரியே டாக்சி ஓட்டுறான்.

எனக்கு இந்தத் தொடர் வந்து சேர்ந்தது ஒரு பென் டிரைவ்ல. 2008. இன்ஜினியரிங் ஹாஸ்டல்ல இருந்த அண்ணன், அதாவது சித்தப்பா மகன், லீவுக்கு வரும்போது கொண்டு வந்தான். சித்தப்பா அப்போ ஒரு பட்டாசு ஆலையில மருந்து கலக்குற வேலை. வேலை முடிஞ்சு குளிச்சுட்டு வந்தாலும் நகக்கண்ல வெள்ளி மினுமினுப்பு இருக்கும், அலுமினியப் பவுடர். கம்ப்யூட்டரை எட்டிப் பார்த்துட்டுக் கேட்டார்: "இது யாருப்பா? நம்மாளு மாதிரி இருக்கானே?"

"மெட்ராஸ்ல காலேஜ் வாத்தியார் சித்தப்பா. இப்போ அமெரிக்காவுல டாக்சி ஓட்டுறாரு."

"வாத்தியார் வேலைய விட்டுட்டா? கிறுக்குப் பய." அப்படின்னார். ஆனா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துட்டார்.

முதல்ல ஒரு சின்னக் குறை. பேரு. மொஹிந்தர்னு சென்னையில யாரு பிள்ளைக்குப் பேர் வைப்பாங்க? அது பஞ்சாப் பக்கத்துப் பேர். சுரேஷ்ங்கிறதைக் குடும்பப் பேர் மாதிரி அப்பாவுக்கும் மகனுக்கும் ஒட்டி வெச்சிருக்காங்க. நம்ம வழக்கப்படி பார்த்தா அவர் 'சி. மொஹிந்தர்'. சுரேஷ் தாத்தாவா இருக்கணும். நான் பார்த்த வரைக்கும் அவர் தமிழ்ல ஒரு வாக்கியம்கூடப் பேசல. எழுதினவங்களுக்கு 'இந்தியா'ங்கிறது ஒரே ஊர். நடிச்சவர் செந்தில் ராமமூர்த்தி, அந்தப் பேர்தான் அசல் நம்ம பேர். சிகாகோவுல 1974-ல பிறந்து டெக்சாஸ்ல வளர்ந்தவர். அப்பா, அம்மா ரெண்டு பேரும் டாக்டர்கள். இவரும் டாக்டராகத்தான் காலேஜ் போனார், பாதியில மாறி வரலாறு படிச்சு, அப்புறம் லண்டன்ல நடிப்புப் பள்ளிக்குப் போனார். மொஹிந்தர் வேடம் முதல்ல ஐம்பதைத் தாண்டின ஒரு பேராசிரியருக்காக எழுதப்பட்டது. இவரைப் பார்த்த பிறகு வயசைக் குறைச்சாங்க.

அந்த ஒரு மாற்றம்தான் பாத்திரத்தையே மாத்திடுச்சுன்னு நான் நினைக்கிறேன். ஐம்பது வயசுப் பேராசிரியர்னா ஞானி. எல்லாம் தெரிஞ்சவர். முப்பது வயசுன்னா? அவன் ஒரு மகன்.

கொஞ்சம் பின்னாடி போவோம். டிவி சயின்ஸ் ஃபிக்‌ஷன்ல விஞ்ஞானின்னாலே ரொம்ப காலம் தன்மேல சந்தேகமே இல்லாத ஆள். 1966-ல 'ஸ்டார் ட்ரெக்'ல ஸ்பாக் வந்தார். புருவத்தைத் தூக்குவார், கணக்கு சரியா இருக்கும். அவருக்குள்ளேயும் பாதி மனுஷன், பாதி வல்கன்னு ஒரு தவிப்பு உண்டு, ஆனா 'எனக்கு இது தெரியுமா'ங்கிற தவிப்பு இல்லை. 2000-க்கு அப்புறம் கதை மாறுது. 'ஸ்டார்கேட்'ல ராட்னி மெக்கே. டேவிட் ஹியூலெட் 2001-ல விருந்தாளியா வந்துட்டுப் போன வேடம், 2004-ல 'ஸ்டார்கேட் அட்லாண்டிஸ்'ல முக்கியப் பாத்திரமாச்சு. நான்தான் இங்கே பெரிய அறிவாளின்னு மூச்சுக்கு மூச்சு சொல்வார். ஏன் சொல்றார்னா, யாரும் சொல்லலைன்னா அது பொய்யாயிடுமோன்னு பயம். அப்புறம் 'பேட்டில்ஸ்டார் கேலக்டிகா'வுல கையஸ் பால்டர், 2008-ல 'ஃப்ரிஞ்ச்'ல வால்டர் பிஷப். மூளை மேல, மனசு தரையில. சில வருஷத்துக்குள்ள இத்தனை பேர்.

மெக்கே ரசிகர்கள் என்னை மன்னிக்கணும். எனக்கு இந்த வரிசையில மொஹிந்தர்தான் நெருக்கம். மெக்கே தன் பயத்தைச் சத்தமா வெளியே கொட்டிடுவார், நாமும் சிரிச்சுடுவோம். மொஹிந்தர் வெளியே கம்பீரம். நிறைய எபிசோடுகளோட தொடக்கத்துலயும் முடிவுலயும் அவர் குரல்தான் விதி, பரிணாமம், மனுஷ இனம்னு பேசும். உள்ளே இருக்கிற கேள்வி ரொம்பச் சின்னது: அப்பா என்னை ஒரு விஞ்ஞானியா மதிச்சாரா?

முதல் சீசன்ல அவர் ஊருக்குத் திரும்புற பகுதி ஒண்ணு வரும். தனக்கு முன்னால ஒரு அக்கா இருந்ததும், அவ பேர் சாந்திங்கிறதும், சின்ன வயசுலயே நோயில இறந்துட்டாங்கிறதும் அப்போதான் அம்மா சொல்லித் தெரியுது. அப்பாவோட ஆராய்ச்சி முழுக்க அந்த இழப்புலயிருந்து வந்தது. அவ சிறப்பானவன்னு அப்பா நம்பினார். மகன் சாதாரணம். அவனுக்குச் சக்தி எதுவும் கிடையாது. இத்தனை நாள் அப்பா தேடினது தன்னை மாதிரி ஒருத்தனை இல்லைன்னு ஒரு மகனுக்குப் புரியுற இடம் அது. சீசன் முடிவுல ஒரு திருப்பம் வெச்சாங்க: அதே நோய் வந்த மாலின்னு ஒரு குட்டிப் பொண்ணைக் காப்பாத்துறது மொஹிந்தரோட ரத்தம். அவன் ரத்தத்துல அந்த நோய்க்கான எதிர்ப்பு இருக்கு. அக்காவுக்கு நேரத்துக்குக் கிடைக்காத மருந்து தம்பி உடம்புல. அந்தக் காட்சியை நான் மூணு தடவை திருப்பிப் பார்த்தேன்.

ரசிகர்கள் அவரை ரொம்பக் கிண்டல் பண்ணுவாங்க. காரணம் இருக்கு. ஊரெல்லாம் தேடுற கொலைகாரன் சைலர், வேற ஒருத்தர் பேரைச் சொல்லிக்கிட்டு அவர் பக்கத்துலயே வந்து உட்கார்ந்து, கார்ல கூடவே பயணம் பண்றான். அப்பாவைக் கொன்னவன் அவன்தான். இவருக்குத் தெரியல. எப்படி இவ்வளவு ஏமாளின்னு எழுதுவாங்க. நான் சொல்வேன், அதுதான் அந்தப் பாத்திரத்தோட ரொம்ப உண்மையான இடம். சைலர் அவர்கிட்ட கொடுத்தது என்ன? கவனம். உங்க வேலை முக்கியமானது, நீங்க சொல்றது புரியுதுங்கிற ஒரு பார்வை. அது கிடைக்காமலே வளர்ந்தவன் அதை யார் நீட்டினாலும் வாங்கிப்பான். உண்மை தெரிஞ்ச பிறகு அவர் என்ன பண்றார்? கத்தியை எடுக்கல. டீ போடுறார். அதுல உடம்பை மரத்துப் போக வைக்கிற மருந்தைக் கலந்து கொடுத்து நாற்காலியில கட்டிப் போடுறார். சித்தப்பா கையைத் தட்டிச் சிரிச்சார்: "பாத்தியா, அவனும் மருந்து கலக்குறவந்தான்."

நம்ம பக்கத்து நிஜ வரலாற்றுல இதுக்கு ஒரு முன்கதை உண்டு. எழுத்தாளர்கள் இதை மனசுல வெச்சு எழுதினாங்கன்னு நான் சொல்லல. ஆனா எனக்கு ஞாபகம் வராம இருக்காது. சுப்பிரமணியன் சந்திரசேகர். திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளி, மாநிலக் கல்லூரி. அப்பாவுக்கு மகன் ஐசிஎஸ் எழுதணும்னு ஆசை, அம்மா சீதாலட்சுமி, உனக்குப் பிடிச்சதைப் படின்னு சொன்னவங்க. சித்தப்பா சர் சி.வி. ராமன். 1930 ஜூலை கடைசியில, 19 வயசுல இங்கிலாந்துக்குக் கப்பல் ஏறினார். அந்தப் பயணத்துல போட்ட கணக்குதான் பின்னால சந்திரசேகர் எல்லைன்னு ஆச்சு: சூரியனைப் போல சுமார் 1.4 மடங்குக்கு மேல நிறை இருந்தா, ஒரு நட்சத்திரம் கடைசியில வெள்ளைக் குள்ளனா அமைதியாகிட முடியாது. அதே வருஷம் சித்தப்பாவுக்கு நோபல். அந்த வீட்டுப் பையன் மேல எவ்வளவு பாரம்னு பாத்துக்கோங்க.

1935 ஜனவரி 11, லண்டன், ராயல் வானியல் கழகக் கூட்டம். சந்திரா பேசி முடிச்சதும் அடுத்துப் பேசினவர் ஆர்தர் எடிங்டன், அந்தக் காலத்து வானியலோட மிகப் பெரிய பேர். மாசக்கணக்கா சந்திராவோட அறைக்கே வந்து கணக்கு எப்படிப் போகுதுன்னு விசாரிச்சவர், கணக்குப் போடுற மெஷின் கிடைக்க உதவினவர். தான் என்ன பேசப் போறேன்னு முன்கூட்டியே வாயே திறக்கல. மேடையில அந்தக் கோட்பாட்டையே கேலி பண்ணினார். சபை சிரிச்சது. வூல்ஃப்காங் பவுலி மாதிரி பெரிய இயற்பியலாளர்கள் தனியா, நீ சொல்றதுதான் சரின்னாங்க. வெளியே வந்து சொல்ல யாரும் தயாரா இல்லை. சந்திரா 1937-ல அமெரிக்கா போனார், 1939-ல எல்லாத்தையும் ஒரு புத்தகமா எழுதி வெச்சுட்டு அந்தத் துறையை விட்டே விலகிட்டார். அப்புறம் வாழ்நாள் முழுக்க, ஒரு துறையை எடுப்பார், கரைச்சுக் குடிப்பார், ஒரு புத்தகம் எழுதுவார், அடுத்ததுக்குப் போயிடுவார். 1983-ல நோபல் வந்தப்போ, இளமையில செஞ்ச வேலைக்குத்தான் அதுல முக்கியத்துவம்னு அவருக்கு வருத்தம்னு சொல்வாங்க. ஐம்பது வருஷ உழைப்பு கண்ணுக்குத் தெரியலையான்னு. நோபல் வாங்கின மனுஷனுக்கே அந்தக் குறுகுறுப்பு.

சரி, இதுக்கும் சிவகாசிக்கும் என்ன சம்பந்தம்?

இந்த ஊரோட தொழில் கதையே கத்துக்கிறதுல தொடங்குது. மழை பொய்த்த பூமி. விவசாயத்தை நம்பி வாழ முடியாது. 1922-ல பி. அய்ய நாடார், ஏ. சண்முக நாடார்னு ரெண்டு பேர் கல்கத்தா போய்த் தீப்பெட்டி செய்யக் கத்துக்கிட்டு வந்தாங்க. 1923-ல இங்கே ஆலை. அப்புறம் மத்தாப்பு, பட்டாசு, லேபிள் அடிக்க அச்சகம். வறண்ட காத்து விவசாயத்துக்குச் சாபம், தீப்பெட்டி காய வரம். பட்டாசுக்கு அலுமினியப் பவுடர் வேணும், அதுக்கு ஒரு உலோகப் பவுடர் கம்பெனி, அந்தக் கம்பெனி பேர்ல 1984-ல ஒரு இன்ஜினியரிங் காலேஜ், மெப்கோ ஷ்லெங்க். ஷ்லெங்க்ங்கிறது ஒரு ஜெர்மன் நிறுவனத்தோட பேர். எங்க ஊர்ல படிச்ச கெமிஸ்ட்ரியும் படிக்காத கெமிஸ்ட்ரியும் ஒரே பஸ்ல போகும்.

சித்தப்பா படிக்காத கெமிஸ்ட்ரி. எட்டாவது வரைதான். ஸ்ட்ரான்சியம் சிவப்பு, பேரியம் பச்சை, செம்பு நீலம், இது எந்தப் பாடப் புத்தகத்துலயும் இருக்கும். நீலம்தான் கஷ்டம்னு எவ்வளவு பேருக்குத் தெரியும்? நீலம் கொடுக்கிற செம்பு குளோரைடு ரொம்பச் சூட்டைத் தாங்காது, உடைஞ்சுடும். சூடு கொஞ்சம் ஏறினா நிறம் வெளுத்துப் போகும், குறைஞ்சா மங்கிப் போகும். பேன்சி ரகத்துக்கு மணி மருந்து பிடிக்கிறதுல சித்தப்பாவோட நீலம் பேர் போனது. பெட்டியில அவர் பேர் வராது, லேபிள்ல சாமி படமோ குழந்தை படமோதான் இருக்கும். ஆனா ராத்திரி ரெண்டு மணிக்கு எந்திரிச்சு உட்கார்ந்து, அளவு சரியா சொன்னேனா, காய வெச்ச நேரம் சரியான்னு சித்தியைக் கேட்பார். சித்திக்கு என்ன தெரியும்? "சரியாத்தான் சொல்லிருப்பீங்க, படுங்க"ன்னு சொல்வாங்க. வெளியே மத்தவங்களுக்குப் பாடம் எடுக்கிற மனுஷன். அவரே சொல்லிக் கொடுத்த பையன் ஒரு தடவை "அண்ணாச்சி, இப்படிச் செஞ்சா என்ன?"ன்னு கேட்டதுக்கு ஒரு வாரம் பேசாம இருந்தார். பையன் சொன்னது சரியா இருந்ததுதான் காரணம்.

மூணாவது சீசன் வந்தப்போ அண்ணனும் நானும் கோபத்துல இருந்தோம். இரண்டாவது சீசனை எழுத்தாளர்கள் வேலைநிறுத்தம் 11 எபிசோடோட முடிச்சு வெச்சிருந்தது. மூணாவதுல மொஹிந்தர் சக்தியை உண்டாக்குற ஃபார்முலாவைக் கண்டுபிடிச்சு, யார் மேலயும் சோதிக்காம நேரா தனக்கே ஊசி போட்டுக்குறார். பலம் வருது. அப்புறம் முதுகுல செதில், ஆளுங்களைப் பிடிச்சுக் கூடு கட்டி சுவத்துல ஒட்டி வைக்கிறதுன்னு கதை எங்கேயோ போகுது. எடுத்த விதம் மோசம், ஒத்துக்கிறேன். யோசனை தப்பில்லை. எல்லாச் சக்தியையும் விளக்கத் தெரிஞ்ச, ஆனா ஒண்ணுகூட இல்லாத ஒருத்தன், எத்தனை நாள் நோட்டோட ஓரத்துலயே நிப்பான்? அவன் ஊசியை எடுத்தது பேராசையில இல்லை. நான் சாதாரணம்ங்கிற வெட்கத்துல.

அந்தச் சமயம்தான் சித்தப்பா ஆலையில விபத்து. ஆலை பேர் வேண்டாம். அன்னைக்கு அவர் லீவு, ஒரு கல்யாணத்துக்கு விருதுநகர் போயிருந்தார். மணி மருந்து அறையில இருந்தது அவர் பழக்கின ரெண்டு பேர். அதுல ஒருத்தன் அந்தக் கேள்வி கேட்ட பையன். அவன் பிழைக்கல. மறுநாள் பேப்பர்ல வழக்கமா வர்ற அதே வரி: மருந்துக் கலவையில உராய்வு ஏற்பட்டு வெடித்தது. எங்க ஊர்க்காரங்க எல்லாருக்கும் மனப்பாடமான வரி அது. யார் உரசினது, ஏன் அவசரம், அனுமதிச்ச அளவுக்கு மேல எவ்வளவு மருந்து அறையில இருந்தது, எத்தனை ஆள் இருந்தாங்க, எதுவும் அந்த வரியில இருக்காது. உராய்வு. அவ்வளவுதான். ஆலைக்குள்ள பேசிக்கிட்டது வேற: மருந்து கலக்குனவன் தப்பு.

சித்தப்பா சொன்னது என்ன தெரியுமா? "என் அளவுதானே அது." அவர் அளவுல தப்பில்லைன்னு கூட வேலை பார்த்தவங்க அத்தனை பேரும் சொன்னாங்க. தீபாவளி நெருக்கம், மருந்து சரியா காயறதுக்கு முன்னாலயே அள்ளினாங்கன்னு சொன்னாங்க. வீட்டுக்குள்ள சொன்னாங்க, டீக்கடையில சொன்னாங்க. விசாரிக்க வந்தவங்ககிட்ட யாரும் சொல்லல. அடுத்த மாசம் அவங்களுக்கும் வேலை வேணும் இல்லையா? நான் சந்திரசேகர் கதையைப் படிச்சது பல வருஷம் கழிச்சுத்தான். படிச்சப்போ பவுலி மேல எனக்குக் கோபம் வந்தது. எங்க தெருக்காரங்க மேல வரல. பவுலிக்கு வேலை போயிருக்காது.

2015-ல 'ஹீரோஸ் ரீபார்ன்'னு அதே கதையைத் திரும்ப எடுத்தாங்க. ஒடெசாங்கிற ஊர்ல ஒரு பெரிய குண்டுவெடிப்பு, நிறைய சாவு. உலகமே பழி போடுறது யார் மேல? மொஹிந்தர் சுரேஷ் மேல. அவர் பண்ணல. ஆனா கதையில எல்லாரும் நம்பிடுறாங்க, ஏன்னா ஃபார்முலா, பரிசோதனைன்னு விவரம் தெரிஞ்ச ஆள் அவர்தான். அந்தத் தொடர் ஒரே சீசனோட நின்னுபோச்சு, பெரிசா யாரும் பேசல. நான் மட்டும் அந்த இடத்துல லேப்டாப்பை மூடி வெச்சுட்டு சிவகாசிக்கு போன் போட்டேன். என்ன சாப்பிட்டீங்கன்னு கேட்டுட்டு வெச்சுட்டேன்.

சித்தப்பா அதுக்கப்புறம் மருந்து அறைக்குள்ள போகல. லேபிள் அடிக்கிற அச்சகம் ஒண்ணுல கட்டிங் மெஷின்ல நிக்கிறார். 2018 அக்டோபர்ல பட்டாசு விஷயமா உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்தது, பேரியத்துக்குத் தடை, அப்புறம் நீரி ஆய்வகம் பசுமைப் பட்டாசுக்கு ஃபார்முலா கொடுத்ததுன்னு ஊரே தலைகீழா ஆச்சு. பேரியம் போனா பச்சை எப்படின்னு ஆலைக்காரங்க மண்டையை உடைச்சுக்கிட்டப்போ பழைய ஆளுங்க ரெண்டு பேர் வந்து சித்தப்பாவைக் கூப்பிட்டாங்க. யோசனை மட்டும் சொல்லுங்க அண்ணாச்சின்னு. அவர் ஒரு நோட்டை எடுத்துக் கொடுத்தார். கூடப் போகல. "நான் சொல்றது சரியா இருக்குமோ இருக்காதோ, நீங்களே போட்டுப் பாருங்க"ன்னுட்டார்.

செந்தில் ராமமூர்த்தி 2020-ல 'நெவர் ஹேவ் ஐ எவர்' தொடர்ல திரும்ப வந்தார். கலிஃபோர்னியாவுல ஒரு தமிழ்க் குடும்பம், தேவின்னு ஒரு பொண்ணு, செத்துப்போன அவ அப்பா மோகனா இவர். நினைவிலயும் கனவுலயும் வந்து மகள்கிட்ட பேசுவார். நீ நல்லா பண்றன்னு சொல்லுவார். செத்துப்போன அப்பா தன்னை மதிச்சாரான்னு தேடி அலைஞ்ச அதே முகம், பதினாலு வருஷம் கழிச்சு, செத்துப்போன அப்பாவா வந்து அந்தப் பதிலைச் சொல்லுது. இதை யாரும் திட்டம் போட்டுப் பண்ணியிருக்க மாட்டாங்க. நேத்து ராத்திரி சித்தப்பாவுக்கு அதுல ஒரு எபிசோட் போட்டுக் காட்டினேன். கண்ணாடியை மாட்டிக்கிட்டுப் பார்த்தார்.

"இவன் அந்த டாக்சிப் பையன்தானே? அப்பாவாயிட்டானா?"

ஆமா சித்தப்பான்னேன். கொஞ்ச நேரம் பார்த்துட்டு, "நரைச்சிருச்சு பாவம்"ன்னார்.

இப்போ பேசிக்கிட்டு இருக்கும்போதே மேற்குப் பக்கம் ஒண்ணு மேல போச்சு. மைக்ல சத்தம் விழுந்திருக்கும். நீலம். படிக்கட்டுல நின்னு பார்த்துட்டுச் சித்தப்பா சொல்றார், வெளுத்துப் போச்சு, சூடு ஜாஸ்தின்னு. எனக்கு நல்லாத்தான் தெரிஞ்சது. சாப்பிடக் கூப்பிடுறார், பதிவை நிறுத்திக்கிறேன்.